அரளிக்குத் தண்ணீர் ஊற்றிய லாரி: ஒரு நெடுஞ்சாலைப் பராமரிப்பு நிறுவனத்தின் நிகழ்வு ஆய்வு

நான்கு வழிச் சாலை ஒன்றின் பராமரிப்பு ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கை மாறிய சில வாரங்களில் நடந்த விபத்தைப் பற்றிய பதிவு இது. புதிதாகப் பொறுப்பேற்ற நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவின் சார்பில் உள்விசாரணையை நடத்தியவன் நான். சம்பந்தப்பட்டவர்களின் பெயர், ஊர், சாலை எண் எதையும் இங்கே தரவில்லை. தமிழகத்தின் நடுப்பகுதியில், கிட்டத்தட்ட நேர் கிழக்கு மேற்காக ஓடும் சாலை என்பது மட்டும் தெரிந்தால் போதும். நடந்ததைப் புரிந்துகொள்ள அந்தத் திசை அவசியம்.

பின்னணி

பராமரிப்பு நிறுவனத்தின் வேலை பலவிதம். பள்ளம் அடைப்பது, சாலையோரப் புல் வெட்டுவது, மழைநீர் வடிகால் தூர்வாருவது, கெர்ப் கல்லுக்குக் கறுப்பு வெள்ளை அடிப்பது, ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் வைத்திருப்பது, நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-இல் வரும் அழைப்புகளைக் கவனிப்பது என்று நீண்டுகொண்டே போகும். இவற்றில் வெளியில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத வேலை, இரு திசைச் சாலைகளையும் பிரிக்கும் சென்டர் மீடியனில் உள்ள செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது.

தமிழகத்துச் சாலைகளில் மீடியன் செடி என்றால் பெரும்பாலும் அரளிதான். அதன் பால் நஞ்சு என்பதால் ஆடு மாடு கடிக்காது. வெயில் தாங்கும். இரவில் எதிர்த்திசை வண்டிகளின் விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மறைக்கும். ஆனால் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமானால் டேங்கர் லாரி வலது ஓரத் தடத்தில், அதாவது வேகமாகப் போகிறவர்கள் முந்திச் செல்லும் தடத்தில், ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும். வழக்கமாக எந்தத் தடத்தில் வண்டி நிற்கவே கூடாது என்கிறோமோ, அதே தடத்தில் தினமும் ஒரு லாரியை நிறுத்துகிறோம். இந்த வேலையின் அடிப்படை ஆபத்து இது. யாருடைய கவனக்குறைவாலும் வந்ததல்ல, வேலையின் அமைப்பிலேயே உள்ளது.

முந்தைய நிறுவனத்தில் செடி வேலையை ஒரு மேஸ்திரியும் அவருடைய குழுவும் பல ஆண்டுகளாகச் செய்துவந்தார்கள். பெரும்பாலும் சாலையை ஒட்டிய கிராமங்களின் பெண்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அந்த நிறுவனம் இவர்களைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டது. புதிய நிறுவனம் பொறியாளர்கள், ரோந்துப் பணியாளர்கள், கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்கள் ஆகியோரில் பலரை அப்படியே எடுத்துக்கொண்டது. செடி வேலையை மட்டும் ஒரு துணை ஒப்பந்ததாரரிடம் விட்டது. அவர் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். ஆக, சாலையைக் கைமாற்றியபோது இயந்திரங்கள், பதிவேடுகள், பள்ளங்களின் பட்டியல் எல்லாவற்றையும் எண்ணி வாங்கினார்கள். செடிக் குழுவிடம் எதையும் கேட்டு வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தண்ணீர் ஊற்றும் அட்டவணையை திட்ட அலுவலகம் புதிதாகப் போட்டது. ஒருநாள் இடது பக்கச் சாலை, மறுநாள் வலது பக்கச் சாலை. இரண்டுமே காலை ஆறு மணிக்குத் தொடக்கம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம், ஆட்களுக்கும் சிரமம் இல்லை என்பது காரணம். நல்ல எண்ணத்தோடு போட்ட அட்டவணைதான். துணை ஒப்பந்ததாரருக்குக் கூலி நடைக் கணக்கு. இத்தனை நடை தண்ணீர் ஊற்றினால் இவ்வளவு பணம்.

நடந்தது

மார்ச் கடைசி வாரம், காலை ஆறே முக்கால் இருக்கும். டேங்கர் கிழக்கு நோக்கிய சாலையின் வலது தடத்தில் இருந்தது. அந்த இடத்தில் ஒரு மேம்பாலம். பாலத்தின் மேல் செடி வரிசை கிடையாது, கிழக்குச் சரிவு இறங்கும் இடத்தில் மறுபடி தொடங்கும். செடி தொடங்கும் அந்த முதல் இடத்தில் டேங்கர் நின்றிருந்தது. லாரிக்குப் பின்னால் சில அடிகள் தள்ளி ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்றார். லாரிக்கு முன்னால் இரண்டு பெண்கள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேற்கிலிருந்து வந்த கார் ஒன்று பாலத்தின் உச்சியைத் தாண்டி இறங்கியது. கடைசி நேரத்தில் இடதுபக்கம் ஒடித்திருக்கிறார் ஓட்டுநர். காரின் வலது முன்பகுதி டேங்கரின் பின் இடது மூலையில் மோதி, கார் சுழன்று இடது ஓரத் தடுப்பில் போய் நின்றது. கொடி காட்டியவர் மீடியனுக்குள் தாவியதில் கெர்ப் கல்லில் விழுந்து கால் எலும்பு முறிந்தது. கார் ஓட்டுநருக்கு மார்பில் அடி. பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தவருக்கு இடுப்பில் பலத்த காயம். களை பிடுங்கிய இருவருக்கும் காயம் இல்லை. ரோந்து வண்டி வந்ததும் முதலில் பாலத்தின் மேற்குப் பக்கம் போய் வண்டிகளைத் திருப்பியது. அது சரியான முடிவு. இல்லாவிட்டால் இன்னொரு வண்டி வந்து அதே குவியலில் மோதியிருக்கும். ஆம்புலன்சில் மூவரையும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

விசாரணையில் கண்டவை

அன்று மதியமே அலுவலகத்தில் ஒரு முடிவு கிட்டத்தட்ட எழுதி முடிக்கப்பட்டிருந்தது: 'கார் ஓட்டுநரின் அதிவேகம்.' வேகம் இருந்திருக்கலாம். ஆனால் அதை மட்டும் எழுதிவிட்டால் நாளைக்குக் காலையும் அதே இடத்தில் லாரி நிற்கும், இன்னொரு கார் வரும். அதனால் அறிக்கையை நிறுத்திவைக்கும்படி கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து, அதே நேரத்தில், அதே திசையில் ஒரு வண்டியில் போய்ப் பார்த்தோம். பாலத்தில் ஏறும்போதே சூரியன் கண்ணாடிக்கு நேர் எதிரே இருந்தது. மார்ச் கடைசியில் சூரியன் ஏறத்தாழ நேர் கிழக்கில் உதிக்கும். கிழக்கு மேற்குச் சாலையில் அது சாலையின் கோட்டிலேயே நிற்கும். விசரை இறக்கினால் வானம் மறைகிறதே தவிர, தார்ச்சாலையில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு மறையவில்லை. டேங்கர் நின்ற இடத்தில் ஒரு லாரியை ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது, உச்சியைத் தாண்டிய பிறகும் அது வெறும் கருப்பு நிழலாகத்தான் தெரிந்தது. நிற்கிறதா ஓடுகிறதா என்று சொல்ல முடியவில்லை.

இப்போது தூரத்தைப் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு கார் வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஓட்டுநர் தடையைக் கண்டு, உணர்ந்து, பிரேக் போட்டு நிற்க 180 மீட்டர் தெளிவான பார்வைத் தூரம் வேண்டும் என்பது நம் சாலை வடிவமைப்பு விதியிலேயே உள்ள அளவு. உச்சியிலிருந்து டேங்கர் நின்ற இடத்துக்கு நூறு மீட்டர்கூட இல்லை. சூரியனே இல்லாவிட்டாலும் சட்டப்படியான வேகத்தில் வந்தவர்கூட நிறுத்தியிருக்க முடியாது. கொடி காட்டியவரும் உச்சிக்கு இந்தப் பக்கம்தான் நின்றார். "கொடியை ஆட்டிக்கிட்டேதான் சார் இருந்தேன், அவரு கண்ணுக்கே படல" என்றார். அவர் சொன்னது முழு உண்மை.

மற்றவை சிறியவை, ஆனால் எழுத வேண்டியவை. லாரியின் பின்புற ஒளிர் பட்டையில் சேறு அப்பியிருந்தது. மேலே சுழன்ற மஞ்சள் விளக்கு எதிர் வெயிலில் தெரியவே தெரியாது. புதிய ஆட்களுக்குக் கொடுத்த சட்டைகள் ஒளிரும் பச்சை. கடையில் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும், அரளிக்கு நடுவே குனிந்தால் செடியோடு செடியாகக் கலந்துவிடும்.

இத்தனையும் சேர்ந்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இதே சாலையில், இதே பாலத்தில் பல ஆண்டுகளாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்களே, அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

மேஸ்திரி சொன்னது

ரோந்துப் பணியாளர் ஒருவர் மூலமாகப் பழைய மேஸ்திரியைத் தேடிப் பிடித்தோம். வேலை போனபின் ஊரில் ஒரு செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தார். கேட்டதும் பதில் உடனே வந்தது. "காலைல கெழக்கால போற வண்டிக்காரனுக்குக் கண்ணு தெரியாதுங்க சார். அதனால காலைல நாங்க மேற்கால போற ரோட்டுலதான் வண்டிய விடுவோம். கெழக்கு ரோடு சாயங்காலம்தான். அந்தப் பாலத்து எறக்கத்துல மட்டும் எந்தப் பக்கமும் லாரிய நிறுத்த மாட்டோம். தள்ளி நிறுத்திட்டு ஓஸ இழுத்துட்டுப் போயிருவோம்."

மீடியனின் அகலம் பெரிதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து ஊற்றினாலும் இரண்டு வரிசைக்கும் குழாய் எட்டும். அதனால் எந்தப் பக்கம் பத்திரமோ அந்தப் பக்கத்திலிருந்து ஊற்றலாம். இந்த எளிய விஷயத்தை அவர்கள் வேலை செய்து செய்தே கண்டுபிடித்திருந்தார்கள். எந்தப் பதிவேட்டிலும் இது இல்லை, ஏனென்றால் யாரும் அவர்களிடம் கேட்டு எழுதியதில்லை. அட்டவணை போட்ட இளம் பொறியாளரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குக் கிடைத்த எந்தக் காகிதத்திலும் சூரியன் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். வேர் பிடித்த அரளிக்குத் தினமும் தண்ணீர் தேவையில்லை, கோடையில்கூட நாள் விட்டுப் பாய்ச்சினால் போதும் என்றார். பிறகு ஏன் தினமும் ஊற்றினார்கள்? ஆய்வுக்கு வரும் பொறியாளர் செடி வாடியிருந்தால் பில்லில் பிடித்தம் செய்வார். நடைக் கணக்குக் கூலியில் ஒப்பந்ததாரருக்கும் நடை குறைந்தால் நஷ்டம். ஆக, செடிக்குத் தேவையில்லாத தண்ணீருக்காக ஆட்கள் வலது தடத்தில் நின்றார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், வலது தடத்தில் தண்ணீர் ஊற்றுவதை முழுச் சாலையிலும் நிறுத்தினோம். திட்ட மேலாளருக்கு இது எளிதான முடிவு அல்ல. ஏப்ரல் வருகிறது, செடி வாடும், பிடித்தம் வரும். அவர் தயங்கியது நியாயம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவை அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னோம். சாலைப் பராமரிப்பில் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கும் அபராதம் உண்டு. இந்த நிகழ்வில் அந்தப் பிரிவு பாயவில்லை. ஆனால் பிழைத்தது அதிர்ஷ்டத்தால்தான் என்பதை அறையில் இருந்த எல்லோரும் அறிந்திருந்தார்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சார்பில் மேற்பார்வை செய்யும் பொறியாளருக்குக் கடிதம் எழுதி, காரணத்தை விளக்கி, சில வாரங்கள் அவகாசம் கேட்டோம். கிடைத்தது.

அப்புறம் அட்டவணை. காலையில் மேற்கு நோக்கிய சாலை, மாலையில் கிழக்கு நோக்கிய சாலை. இரண்டு வேளையும் ஓட்டுநருக்கு முதுகில் வெயில். பாலச் சரிவுகளில் லாரி நிற்கவே கூடாது. நாள் விட்டு நாள் மட்டும். இரவில் ஊற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது, போக்குவரத்து குறைவு என்பதால். அதை ஏற்கவில்லை. போக்குவரத்து குறைந்தால் வேகம் கூடுகிறது, தூக்கக் கலக்கமும் சேர்கிறது.

மிக அதிகம் விவாதித்தது லாரிக்குப் பின்னால் என்ன வரவேண்டும் என்பதை. சாலையில் வேலை நடக்கும் இடத்துக்கான இந்திய வழிகாட்டி, இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55. முன்னெச்சரிக்கைப் பகுதி, தடம் மாற்றும் பகுதி, வேலைப் பகுதி, பழைய நிலைக்குத் திரும்பும் பகுதி என்று வேலையிடத்தை அது பிரிக்கிறது. ஒரே இடத்தில் நிற்கும் வேலைக்கு இது அருமையாகப் பொருந்தும். ஊர்ந்து போகும் டேங்கருக்கு அப்படிக் கோன் வரிசை அடுக்கிக்கொண்டே போக முடியாது. ஆகவே பின்னால் இன்னொரு வண்டி, முதுகில் பெரிய அம்புக்குறி விளக்குப் பலகையோடு, போதிய இடைவெளி விட்டுத் தொடர வேண்டும்.

ரோந்து வண்டியையே அதற்குப் பயன்படுத்தலாம் என்றார்கள். நான் கடுமையாக எதிர்த்தேன். மோதல் வந்தால் அந்தச் சின்ன வண்டிக்குள் இருப்பவர்கள்தான் பலி. வெளிநாடுகளில் லாரியின் பின்னால் மோதலை உள்வாங்கி நசுங்கும் தாங்கி ஒன்றைப் பொருத்துகிறார்கள், மோதும் காரில் இருப்பவர்களையும் அது காக்கும். விலை கேட்டுவிட்டு நிர்வாகம் தள்ளிப்போட்டது. கடைசியில் பழைய டிப்பர் ஒன்றில் பாதி அளவு மணல் ஏற்றி, அம்புக்குறிப் பலகை மாட்டி, ஓட்டுநரை மட்டும் பெல்ட்டோடு உட்கார வைத்தோம். இது வேலையாட்களைக் காக்கும். மோதுகிறவரைக் காக்காது. இந்தக் குறை எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அதனால்தான் கொடி காட்டுபவரைத் தடத்திலிருந்து எடுத்து, பல நூறு மீட்டர் பின்னால், மேடு இருந்தால் மேட்டுக்கு அந்தப் பக்கம், சாலையோரத்தில் வாக்கி டாக்கியோடு நிறுத்தினோம். எச்சரிக்கைப் பலகைகள் இரு ஓரத்திலும் வைக்கப்பட்டன. இடது ஓரத்தில் மட்டும் வைத்தால் இடது தடத்து லாரிகள் மறைத்துவிடும்.

பணியாளர் விஷயம்

கால் முறிந்தவர் வேலைக்குச் சேர்ந்து மாதம் ஆகவில்லை. துணை ஒப்பந்ததாரர் அவரைத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் (இ.எஸ்.ஐ.) பதிவு செய்திருக்கவில்லை. சேர்ந்த 10 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. பணிக்காயத்துக்கான பலனுக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது, வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு, சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். இது அவருக்கும் தெரியாது, அவரை வைத்திருந்தவருக்கும் தெரியவில்லை. பதிவும் விபத்து அறிக்கையும் முடியும்வரை முழுச் சம்பளத்தையும் மருத்துவச் செலவையும் நிறுவனமே கொடுத்தது. அவர் மனைவி வாராவாரம் அலுவலகத்துக்கு வந்து நிற்கும் நிலை வரக்கூடாது என்று மனிதவளப் பிரிவில் ஒருவர் வீட்டுக்கே போய்க் கொடுத்தார். யாரும் உத்தரவிட்டு அவர் செய்ததல்ல, அவராகவே செய்தார்.

துணை ஒப்பந்தம் ரத்தானது. மேஸ்திரியையும் பழைய குழுவில் வர விரும்பியவர்களையும் நிறுவனம் நேரடியாக எடுத்தது. மேஸ்திரி மேற்பார்வையாளர் ஆனார். வந்த புதிய ஆட்களில் விரும்பியவர்களையும் விடவில்லை, புல் வெட்டும் பிரிவில் சேர்த்தோம். டேங்கருக்கு நடைக் கணக்கு போய் மாத வாடகை வந்தது. சட்டை ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது.

குழுவில் மூத்த பெண்கள் இருவர் திரும்பி வரவில்லை. நூறு நாள் வேலையும் வீட்டருகே கிடைக்கும் கூலியும் போதும், மறுபடி அந்த ரோட்டில் நிற்க மனமில்லை என்றார்கள். வற்புறுத்தவில்லை.

பிறகு

மேஸ்திரியும் ஒரு ரோந்துப் பணியாளரும் பொறியாளர் ஒருவரும் முழுச் சாலையையும் கிலோமீட்டர் வாரியாக நடந்தும் வண்டியிலும் பார்த்து ஒரு ஏடு தயாரித்தார்கள். எந்த இடத்தில் காலையில் கண் கூசும், எங்கே கல்லூரிப் பேருந்துகள் திடீரென யூ-டர்ன் அடிக்கும், எங்கே ஐப்பசி மழையில் வலது தடத்தில் தண்ணீர் நிற்கும், எந்தத் திறப்பில் ஊர்க்காரர்கள் பைக்கை எதிர்த்திசையில் ஓட்டுவார்கள் என்றெல்லாம் அதில் உண்டு. இப்போது பள்ளம் அடைக்கும் குழுவும் அதைப் பார்த்துத்தான் வேலைக்குப் போகிறது. இந்த விபத்திலிருந்து கிடைத்தவற்றில் மிக மதிப்புள்ளது இந்த ஏடுதான் என்பது என் கருத்து.

பாலச் சரிவுகளில் சொட்டுநீர்க் குழாய் போட்டுப் பார்த்தோம். ஓரிடத்தில்தான் நிலைத்தது. மற்ற இடங்களில் யாரோ குழாயை அறுத்துக்கொண்டு போனார்கள், ஒரு கோடையில் காய்ந்த புல்லில் தீப்பிடித்து நீளமாக உருகிப்போனது. அந்த இடங்களில் செடியை எடுத்துவிட்டு, வெளிச்சத்தை மறைக்கும் தட்டிகள் வைக்க அனுமதி வாங்கினோம்.

அந்தக் கோடையில் செடிகள் கொஞ்சம் வாடின, சில இடங்களில் பட்டும் போயின. பில்லில் பிடித்தம் வந்தது, நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மழைக்காலம் முடிந்தபின் பட்ட இடங்களில் புதிய கன்றுகள் நட்டார்கள். டிப்பரை ஒருமுறை சரக்கு லாரி ஒன்று உரசிப் போனது. கண்ணாடியும் பக்கவாட்டுப் பலகையும் உடைந்தன. டிப்பர் அங்கே இல்லாதிருந்தால் லாரி நேராக டேங்கரின் மேல் வந்திருக்கும்.

காரில் இருந்தவர்களுக்கான இழப்பீடு காப்பீட்டு நிறுவனங்கள் வழியாகத் தீர்ந்தது. அதன் விவரம் இந்தப் பதிவுக்கு வெளியே.

மாற வேண்டியவை

பராமரிப்பு ஒப்பந்தம் கை மாறும்போது, பழைய களப்பணியாளர்களோடு புதியவர்கள் சேர்ந்து சாலையைச் சுற்றிப்பார்ப்பது ஒப்படைப்பின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும். பொறியாளரோடு மட்டும் அல்ல, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், புல் வெட்டுகிறவர், பள்ளம் அடைக்கிறவர் எல்லோரோடும். நிறுவனம் தன் அடுத்த ஒப்பந்தத்தில் இதைச் செய்தது. முதல் பணிநாளுக்கு முன்பே இ.எஸ்.ஐ. எண் இல்லாதவரைச் சாலையில் இறக்குவதில்லை என்றும் முடிவானது.

2022-இல் நாட்டில் நடந்த சாலை மரணங்களில் 36 சதவீதம் தேசிய நெடுஞ்சாலைகளில். மொத்தச் சாலை நீளத்தில் அவற்றின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான். இப்படிப்பட்ட சாலையில் ஆளை இறக்கும் எந்த அட்டவணையையும் பாதுகாப்புப் பிரிவு ஒருமுறை, அந்த நேரத்தில் அந்தத் திசையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஒப்ப வேண்டும். இதற்குச் செலவு ஒரு டீசல் டேங்கின் ஒரு பகுதி.

இரண்டு விஷயங்கள் இன்னும் முடியவில்லை. மோதல் தாங்கி பொருத்திய வண்டி வாங்கும் கோரிக்கையை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் வைக்கிறோம். வாங்க வேண்டும் என்றே நான் சொல்வேன், ஏனென்றால் அப்படி ஒரு கார் நேராக வந்து மோதினால் மணல் டிப்பர் அதில் இருப்பவர்களுக்குச் சுவராகத்தான் இருக்கும். அடுத்து, இடது ஓரத்தில் புல் வெட்டுகிறவர்களுக்கு இப்போதும் பின்னால் எந்த வண்டியும் வருவதில்லை, இரண்டு கோனும் ஒரு கொடியும்தான். டேங்கருக்குச் செய்த ஏற்பாட்டை அவர்களுக்கும் விரிக்கும் வரைவை மேஸ்திரியின் குறிப்புகளோடு நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறோம்.